இப்போ என்ன ஓடுது? ஜாஸ், கிளாசிக்கல் ரெக்கார்டு சேர்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெக்கார்டு சேர்ப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் நலம் விசாரிப்பதற்கு முன்பே "இப்போ என்ன ஓடுது?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஜாஸ், மேற்கத்திய கிளாசிக்கல் இரண்டிலும் கை வைத்தவர்கள் என்றால் சொல்லவே வேண்டாம், பேச்சு முடிய நள்ளிரவு தாண்டிவிடும். அந்தப் பேச்சில் புதிதாக வந்து உட்காருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு, சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போன பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். எல்லாம் என் சொந்த அபிப்பிராயம். சண்டைக்கு வரலாம், தப்பில்லை.

கேட்டதை எதற்கு இன்னொருவரிடம் சொல்ல வேண்டும்? பேசாமல் கேட்டுவிட்டுப் போகலாமே?

போகலாம். ஆனால் தனியாகவே கேட்கிறவர் கொஞ்ச நாளில் தன்னிடம் இருக்கிற முப்பது இசைத் தட்டுகளையே செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி வருவார். என் அலமாரியில் இருக்கிற நல்ல தட்டுகளில் பாதி, யாரோ ஒருவர் "நேற்று ராத்திரி இதைப் போட்டேன், இரண்டாம் பக்கம் முடிந்த பிறகும் எழுந்து விளக்கைப் போடத் தோன்றவில்லை" என்று சொன்னதால் வந்து சேர்ந்தவை. சிறந்த நூறு தட்டுகள் என்று பட்டியல் பார்த்து வாங்கியவைதான் தூசி பிடித்துக் கிடக்கின்றன.

ஒரே ஒரு விஷயம். சொல்கிறவர் ஓர் இடத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும். "அருமையான தட்டு, கேட்டே ஆகணும்" என்றால் எனக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' எல்லோரிடமும் இருக்கிற தட்டு, அதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார்: முதல் பாட்டில் ஒன்றரை நிமிடம் தாண்டியதும் மைல்ஸ் தன் தனி வாசிப்பைத் தொடங்குகிற அதே நொடியில் டிரம்ஸ்காரர் ஜிம்மி காப் சிம்பலில் ஓங்கி ஓர் அடி அடிக்கிறார், அந்த அதிர்வு அடங்குவதற்குள் ட்ரம்பெட் அதன் மேலேயே ஏறி நடந்து போகிறது, கவனித்தாயா என்றார். இருபது வருடமாகக் கேட்ட தட்டு. கவனித்ததில்லை. அன்றைக்கு அந்த இடத்துக்காகவே மூன்று தடவை ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்தேன்.

சரி, குறைந்தபட்சம் என்னென்ன சொல்ல வேண்டும்?

கிளாசிக்கல் என்றால் எழுதியவர், படைப்பு, அதன் எண், வாசிப்பவர், நடத்துபவர், எந்த வருடப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும். ஆனால் இதில் ஒன்று விட்டுப்போனாலும் என்ன ஆகும் என்பதற்கு என் கதை ஒன்று.

நண்பர் ஒருவர் "ராத்திரி முழுக்க கே. 466 தான், நெஞ்சைப் பிசைகிறது" என்றார். நான் உடனே மோட்ஸார்ட்டின் 20ஆம் பியானோ கன்செர்டோவை எடுத்துப் போட்டேன், அதன் எண் கே. 466. அரை மணி நேரம் பேசினோம். டி மைனர் சோகம், தனிமை என்று இரண்டு பேரும் உருகியாகிவிட்டது. கடைசியில் நான் "ஆரம்பத்தில் வயலின்கள் தாளத்தோடு ஒட்டாமல் படபடவென்று அடித்துக்கொள்கிறதே" என்றேன். அவர் "வயலினா? எந்த வயலின்?" என்றார். அவர் கேட்டது டொமெனிக்கோ ஸ்கார்லாட்டியின் எஃப் மைனர் சொனாட்டா. சில நிமிடங்களில் முடிந்துபோகிற, ஒற்றைக் கீபோர்டுக்கான படைப்பு. அதுவும் கே. 466 தான். மோட்ஸார்ட்டுக்கு வரும் 'கே' 1862இல் பட்டியல் போட்ட கோஷெல். ஸ்கார்லாட்டிக்கு வரும் 'கே' 1953இல் பட்டியல் போட்ட கிர்க்பாட்ரிக். இரண்டும் மைனர், இரண்டும் சோகம், அதனால்தான் அவ்வளவு நேரம் வண்டி ஓடியது.

ஜாஸுக்கு எண் தொல்லை குறைவு, ஆள் தொல்லை அதிகம். அட்டையில் இருக்கிற பெயர் குழுத் தலைவருடையது மட்டும்தான். கூட வாசித்தவர்கள் யார், எந்த நாள் என்று சொன்னால்தான் கேட்பவருக்குப் பிடி கிடைக்கும். மேலே சொன்ன மைல்ஸ் தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் பதிவானது. பியானோ பில் எவன்ஸ் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இரண்டாவது பாட்டில் மட்டும் வின்ட்டன் கெல்லி. அந்த ஒரு பாட்டு மட்டும் ஏன் தோளை அசைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கிறது என்று யோசித்தவர்களுக்கு விடை அங்கேதான்.

என் பழைய தட்டில் த்வோர்ஷாக்கின் 'நியூ வேர்ல்ட்' 5ஆம் சிம்பொனி என்று அச்சாகியிருக்கிறது. தப்பு அச்சா?

இல்லை. அவர் உயிரோடு இருந்தபோது வெளியானவற்றை வைத்து எண் போட்டிருந்தார்கள், பிறகு ஆரம்பகாலச் சிம்பொனிகளையும் சேர்த்து எண்ணியபோது 9 ஆனது. ஷூபர்ட்டின் பெரிய சி மேஜர் சிம்பொனியும் இப்படித்தான், அட்டைக்கு அட்டை 7, 8, 9 என்று மாறும். எண்ணோடு சுருதியையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், குழப்பம் தீர்ந்தது.

லேபிளைச் சுற்றி வெறுமையாக இருக்கிற கறுப்பு வட்டத்தில் ஏதோ கிறுக்கியிருக்கிறதே, அது என்ன?

ஆகா, இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டீர்களா, இனிமேல் நீங்களும் எங்கள் ஆள்.

தட்டை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். இசை முடிந்து லேபிள் தொடங்குவதற்கு இடையே விரலகலத்துக்கு ஒரு வழவழப்பான வளையம். அதில் கையால் கீறிய எண்களும் முத்திரை குத்திய எழுத்துகளும் இருக்கும். அட்டையை எவரும் மாற்றிவிடலாம், லேபிளைக் கூடத் திரும்ப அச்சடிக்கலாம், இந்த வளையத்தில் இருப்பது தட்டு பிறந்தபோதே கூடப் பிறந்தது. ப்ளூ நோட் என்ற ஜாஸ் கம்பெனியின் தட்டுகளில் 'ஆர்விஜி' என்றோ 'வான் கெல்டர்' என்றோ இருந்தால் அந்தப் பக்கத்தின் வரியை, அதாவது ஊசி ஓடுகிற பள்ளத்தை, வெட்டியவர் ரூடி வான் கெல்டர். நியூ ஜெர்சியின் ஹாக்கன்ஸாக்கில் தன் பெற்றோர் வீட்டு வரவேற்பறையிலேயே பதிவு செய்யத் தொடங்கி, 1959இல் எங்கல்வுட் கிளிஃப்ஸில் சொந்தக் கூடத்துக்கு மாறியவர். அதே வளையத்தில் காது மடல் மாதிரி ஒரு கோணல் எழுத்து தெரிந்தால், அது பிளாஸ்டிலைட் ஆலையின் 'பி'. 1966 வரை ப்ளூ நோட்டுக்கு அச்சடித்த ஆலை அது. அந்தக் 'காது' இருக்கிறதா என்று பார்க்கத்தான் கடைகளில் சிலர் தட்டை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பவர்களும் உண்டு, நானும் அதில் ஒருவன்.

இங்கிலாந்துத் தட்டுகளில் இன்னும் வேடிக்கை. முதலில் வெட்டுவது லாக்கர் பூசிய ஒரு தட்டு, அதிலிருந்து உலோகத்தில் ஓர் அச்சு, அதிலிருந்து 'தாய்', தாயிலிருந்து தட்டை அழுத்துகிற அச்சு. எத்தனையாவது அச்சு என்பதை டெக்கா நிறுவனம் எண்ணாக எழுதாமல் எழுத்தாக எழுதியது. பக்கிங்ஹாம் என்று ஆங்கிலத்தில் எழுதினால் பத்து எழுத்து, ஒன்றுகூடத் திரும்ப வராது. முதல் எழுத்து பி என்றால் 1, யு என்றால் 2, அப்படியே போய் கடைசி எம் என்றால் 0. ஈஎம்ஐ இதே வேலைக்கு கிராமஃபோன் என்ற சொல்லின் முதல் ஏழு எழுத்தோடு லிமிடெட்டின் சுருக்கத்தைச் சேர்த்துப் பத்து எழுத்து பண்ணிக்கொண்டது. உங்கள் டெக்கா தட்டில் 'யுகே' என்று இருந்தால் அது நாட்டின் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். 24ஆவது அச்சு.

அப்படியானால் முதல் அச்சுதான், அதாவது முதன்முதலில் வெளியான தட்டுதான் உசத்தி, இல்லையா?

சேகரிப்பவருக்கு உசத்தி. காதுக்கு உசத்தியா என்பது தட்டைப் பொறுத்தது, இதில் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவர்கள் அதிகம்.

திரும்பவும் அதே மைல்ஸ் தட்டு. முதல் பக்கத்தின் மூன்று பாட்டும் பதிவானபோது முதன்மை நாடா இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓடவிட்டுத் தட்டு வெட்டியபோது பாட்டு கொஞ்சம் வேகமாகவும் சுருதி கொஞ்சம் ஏறியும் வந்துவிட்டது. கூட ஓடிய இன்னொரு இயந்திரத்தின் நாடாவை வைத்து 1992இல்தான் சரி செய்தார்கள். ஆக, முப்பது வருடத்துக்கு மேலாகத் தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகிய சாக்சஃபோன் மாணவர்கள் எல்லாம் தங்கள் வாத்தியத்தில் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள், பாவம். முதல் அச்சு கையில் இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சுருதி சுத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் பிந்தைய பதிப்பைப் போடுங்கள்.

டியூக் எலிங்டனின் 1956 நியூபோர்ட் தட்டு இன்னொரு கதை. ஜூலை 7 இரவு, பால் கான்ஸால்வெஸ் டெனர் சாக்ஸில் 27 சுற்று நிறுத்தாமல் வாசித்துக் கூட்டத்தையே எழுப்பிவிட்டார். ஆனால் மனிதர் நின்றது வானொலிக்காரர்களின் மைக் முன்னால். அதனால் ரெக்கார்டு கம்பெனியின் பதிவில் அவர் எங்கேயோ தூரத்தில் கேட்கிறார். போதாக்குறைக்கு அந்த எல்பியில், அதாவது அந்த நீண்ட நேரத் தட்டில், பல பகுதிகள் பிறகு ஸ்டுடியோவில் வாசித்துக் கைத்தட்டலை மேலே ஒட்டியவை. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் நாடா கிடைத்து, இரண்டையும் இணைத்து 1999இல் வெளியிட்ட பிறகுதான் அன்றிரவு என்ன நடந்தது என்பதே ஒழுங்காகக் காதில் விழுந்தது. இந்தத் தட்டைப் பற்றிப் பேசும்போது எந்தப் பதிப்பு என்று சொல்லாவிட்டால் நாம் இரண்டு வெவ்வேறு கச்சேரிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

எல்பி ஒலி சிடியைவிட நல்லதா?

எனக்கு எல்பி பிடிக்கும். நல்லது என்று சொல்ல மாட்டேன். தட்டின் பெரிய பலவீனம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று. வெளி ஓரத்திலும் அதே வேகம், லேபிள் பக்கத்திலும் அதே வேகம். ஆனால் வெளி ஓரத்தில் வட்டம் பெரிது, ஊசிக்குக் கீழே நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் வரி ஓடுகிறது. உள்ளே வரவரக் குறைந்து கடைசியில் 21 சென்டிமீட்டர்தான். அதாவது அதே ஒரு நொடி இசையைப் பாதிக்கும் குறைவான இடத்தில் அடைத்தாக வேண்டும். இப்போது சிம்பொனிகள் எங்கே உச்சத்துக்குப் போகின்றன என்று யோசியுங்கள். கடைசியில்! மேளதாளம் எல்லாம் சேர்ந்து முழங்குகிற இடம், தட்டில் இருப்பதிலேயே மோசமான நிலத்தில் வந்து விழுகிறது. ரவேலின் 'பொலேரோ' காதில் விழாத அளவுக்கு மெல்லத் தொடங்கி ஏறிக்கொண்டே போய்க் கடைசி நொடியில் வெடிக்கிற படைப்பு, தட்டுக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. இதற்காகவே உள்ளேயிருந்து வெளியே ஓடுகிற மாதிரி வெட்டிய தட்டுகளும் வந்திருக்கின்றன.

நாலைந்து பேர் வாசிக்கிற ஜாஸ் இதில் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். ஒரு பக்கத்துக்குப் பதினெட்டு, இருபது நிமிடம்தான், கடைசிப் பாட்டு பல நேரம் மெதுவானது. பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, கோரஸ், ஆபரா எல்லாம் நான் சிடியில்தான் கேட்கிறேன். சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

மோனோவா, ஸ்டீரியோவா?

எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வந்தால் மோனோ, இடது வலது என்று இரண்டாகப் பிரிந்து வந்தால் ஸ்டீரியோ. 1957, 58 வாக்கில்தான் ஸ்டீரியோ எல்பிகள் விற்பனைக்கு வந்தன. அதற்கு முன் பதிவானது என்றால் பெரும்பாலும் மோனோ, மோனோவாகவே கேளுங்கள். விதிவிலக்கு உண்டு, ஆர்க்கெஸ்ட்ரா நடத்துபவரான ரெய்னர், சிகாகோ ஆர்க்கெஸ்ட்ராவோடு 1954 மார்ச்சிலேயே ரிச்சர்ட் ஸ்ட்ராஸைத் தட்டு வருவதற்கு முன்பே ஸ்டீரியோ நாடாவில் பதிந்துவிட்டார். கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியது, மோனோ பதிவை மின்னணு வித்தையால் 'ஸ்டீரியோ' ஆக்கிய தட்டுகள். டோஸ்கானினி நடத்திய பதிவுகளை அப்படிக் கெடுத்து வைத்திருந்தார்கள். கிணற்றுக்குள் இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கும்.

உங்கள் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் மோனோ தட்டுக்கு அதை அழுத்துங்கள். ஊசி மேலும் கீழும் ஆடுவதால் வருகிற சத்தம் நீங்கி, இரைச்சலில் பாதி காணாமல் போகும்.

ஒரே படைப்புக்கு எதற்குப் பத்துப் பதிவு? ஒன்று போதாதா?

க்ளென் கூல்ட் பியானோவில் வாசித்த பாஹின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை மட்டும் கேளுங்கள். ஒரே ஆள். 1955இல், இருபத்திரண்டு வயதில் ஒரு தடவை, 1981இல் இன்னொரு தடவை. முதலாவது சுமார் 38 நிமிடம், இரண்டாவது 51. திருப்பி வாசிக்க வேண்டிய பகுதிகளை முன்னதில் விட்டுவிட்டார், பின்னதில் சிலவற்றை வாசித்தார், அது ஒரு காரணம். ஆனால் தொடக்கத்தில் வரும் 'ஏரியா' என்கிற மெட்டை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் பதிவில் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டு மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிற பையன் மாதிரி ஓடுகிறார். இரண்டாவதில் அதே ஏரியா மூன்று நிமிடத்துக்கு மேல், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நடுவே மூச்சு விடுகிற இடம் இருக்கிறது. அடுத்த வருடம் அக்டோபரில் இறந்துவிட்டார். எது சிறந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், காலையில் ஒன்று ராத்திரியில் ஒன்று.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கூல்டின் இந்த இரண்டு பதிவுகளும், மைல்ஸின் அந்தத் தட்டும் ஒரே இடத்தில் பதிவானவை. நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனியின் 30ஆம் தெரு ஸ்டுடியோ. பழைய தேவாலயம், உயரமான கூரை. ஜாஸ் ஆட்களும் கிளாசிக்கல் ஆட்களும் ஒருவரை ஒருவர் மட்டம் தட்டும்போது இதை நினைவுபடுத்துவேன், இரண்டு கூட்டத்தையும் அந்தக் கூரை ஒன்றாகத்தான் பார்த்தது.

பியானோவுக்குப் பின்னால் யாரோ முனகுகிறார்கள், என் தட்டில் கோளாறா?

கூல்ட் தான். வாசிக்கும்போதே கூடப் பாடுவார், கூடவே அவருடைய பழைய நாற்காலி கிரீச்சிடும். அதை எடுத்துவிட முடியாது, எடுக்கவும் வேண்டாம்.

இந்த மாதிரிச் சத்தங்களைத் தேடிக் கேட்பதே தனிச் சுகம். லண்டனின் கிங்ஸ்வே அரங்கில் பதிவான தட்டுகளை நல்ல ஸ்பீக்கரில் போட்டால் சில இடங்களில் அடியில் ஓர் உறுமல் வந்து போகும், கீழே சுரங்க ரயில். நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை பில் எவன்ஸ் ட்ரியோ வாசித்தபோது பதிந்த தட்டுகளில் கண்ணாடிக் கோப்பைகள் மோதுகிற சத்தம், யாரோ பேசுகிற சத்தம், ஒரு சிரிப்பு. ஸ்காட் லஃபாரோவின் பேஸ், பியானோவுக்குத் துணையாக நிற்காமல் அதோடு சரிக்குச் சரி வாதம் பண்ணிக்கொண்டே வருகிறது, பக்கத்து மேசைக்காரர் கவனிக்காமல் அரட்டை அடித்துக்கொண்டிருக்கிறார். பதினோராம் நாள் லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார், வயது 25. அது தெரிந்த பிறகு அந்த அரட்டையைக் கேட்கவே ஒரு மாதிரி இருக்கும். அந்த ஆளுக்கு எப்படித் தெரியும், பாவம்.

தட்டைக் கழுவலாமா?

கழுவலாம், கழுவ வேண்டும். வாலை வடிநீர், ஓரிரு சொட்டு மென்மையான சோப்புக் கரைசல், மெத்தென்ற தூரிகை, வரியின் போக்கிலேயே தேய்க்க வேண்டும், லேபிள் நனையக் கூடாது. முக்கியமாக 78 வேகத் தட்டில் (எல்பிக்கு முந்தைய, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுகிற தட்டு) ஆல்கஹால் கலந்த திரவத்தைத் தொடவே தொடாதீர்கள். அது அரக்குத் தட்டு, ஆல்கஹாலில் கரைந்துவிடும். எல்பியின் ஊசியும் அதற்கு ஆகாது, அதன் வரி அகலம், வேறு ஊசி வேண்டும்.

ஊசி எடை, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் செய்தவர் சொன்னபடி, பெரும்பாலும் ஒன்றரையிலிருந்து இரண்டு கிராம். குறைத்து வைத்தால் தட்டு தேயாது என்று பலர் நினைக்கிறார்கள், நேர்மாறு. எடை போதாத ஊசி வரியில் சரியாக உட்காராமல் தத்தித் தத்திப் போய்த்தான் சுவரைச் சிராய்க்கிறது.

தட்டுகளை நிமிர்த்தி நிற்கவையுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். அவ்வளவுதான்.

ஆபரா பெட்டி வாங்கினேன், கதை முன்னுக்குப் பின் முரணாக ஓடுகிறதே?

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். எனக்கும் இதே கதிதான். மூன்று தட்டுப் பெட்டி, முதல் பக்கம் முடிந்தது, திருப்பிப் போட்டேன், நாயகி செத்துக்கொண்டிருந்தாள். என்னடா இது இவ்வளவு சீக்கிரமா என்று கூடவே அழுதும் விட்டேன்.

பழைய காலத்தில் தட்டுகளை அடுக்கி வைத்துத் தானாக ஒன்றன்பின் ஒன்றாக விழச் செய்கிற சேஞ்சர் இயந்திரங்கள் இருந்தன. அதற்குத் தோதாக முதல் தட்டில் 1, 6ஆம் பக்கங்கள், இரண்டாவதில் 2, 5, மூன்றாவதில் 3, 4 என்று அச்சடித்தார்கள். மூன்றும் விழுந்து முடிந்ததும் மொத்தக் கட்டையும் அப்படியே புரட்டிப் போட வேண்டியது. லேபிளில் பக்க எண் இருக்கும், பார்த்துப் போடுங்கள்.

எல்லோரும் தலையில் வைத்து ஆடுகிற தட்டு எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லலாமா?

தாராளமாக. ஏன் பிடிக்கவில்லை என்று ஓர் இடத்தைக் காட்டுங்கள், அவ்வளவுதான் நிபந்தனை. ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரட் ஜெர்மனியின் கோல்ன் நகரில் வாசித்த கச்சேரி, 1975 ஜனவரி 24, எனக்குப் பத்து வருடம் பிடிக்கவே இல்லை, இடது கை அதையே திருப்பித் திருப்பிச் சுற்றுகிறது என்று அலுத்துக்கொள்வேன். பிறகு ஒருவர் சொன்னார், அன்று மேடையில் இருந்தது சின்னதும் மோசமானதுமான பியானோ, மேல் ஸ்வரங்கள் கீச்சென்றும் கீழே பலமில்லாமலும் இருந்தன, அதனால்தான் மனிதர் நடுப் பகுதியிலேயே வீடு கட்டிக்கொண்டு அந்தச் சுழற்சியைப் பிடித்தார் என்று. திரும்பக் கேட்டேன். இப்போதும் இரண்டாம் பகுதி கொஞ்சம் நீளம்தான் எனக்கு. முதல் பகுதியை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

பழகிய காது ஏமாறுமா?

நன்றாக ஏமாறும். ஜாய்ஸ் ஹாட்டோ என்ற ஆங்கிலேயப் பியானோ கலைஞர், நோயாளி, மேடையை விட்டு விலகிப் பல வருடமானவர். கடைசிக் காலத்தில் அவர் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட சிடிகளைக் கணவர் வெளியிட்டார். எல்லாமே அற்புதம். சேகரிப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே பெயர் பரவியது, விமர்சகர்களும் கொண்டாடினார்கள். அவர் 2006இல் இறந்தார். 2007 பிப்ரவரியில் ஒருவர், இசையமைப்பாளர் லிஸ்ட்டின் படைப்புகளை அவர் வாசித்ததாக வந்த சிடியைக் கணினியில் போட, கணினி அது லாஸ்லோ சைமன் என்ற வேறொரு பியானோ கலைஞர் வாசித்தது என்று பெயர் காட்டியது. தோண்டிப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆட்களின் பதிவு, சிலவற்றில் வேகத்தை மட்டும் கொஞ்சம் மாற்றியிருந்தார்கள். கணவர் முதலில் மறுத்தார், பிறகு ஒப்புக்கொண்டார்.

இதில் கெட்ட இசை எதுவும் இல்லை என்பதுதான் விசித்திரம். வாசித்தவர்கள் எல்லோரும் நிஜமாகவே நன்றாக வாசித்தவர்கள். சொந்தப் பெயரில் வந்தபோது அலமாரியில் கிடந்தவை, உருக்கமான ஒரு கதையோடு வந்ததும் கண்ணில் நீர் வரவழைத்தன. அதன் பிறகு நான் யாராவது ஒரு தட்டைக் கொடுத்தால் முதல் தடவை அட்டையைப் படிக்காமல் கேட்கிறேன். எப்போதும் முடிவதில்லை, கை தானாக அட்டைக்குப் போய்விடும்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்டதைச் சொன்னால் மதிப்பீர்களா?

மதிப்போம். எந்த வருடப் பதிவு என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், அங்கே கலைஞர் பெயருக்கு நேரே மறுவெளியீட்டு வருடத்தைப் போட்டுவைத்திருப்பார்கள்.

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், எதில் தொடங்க?

மேலே சொன்னவற்றிலேயே ஒரு மாதத்துக்குத் தாங்கும். கூட இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். கார்லோஸ் க்ளைபர் நடத்தி வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவோடு 1974இல் பதிந்த பீத்தோவன் ஐந்தாம் சிம்பொனி. முதலில் வந்த எல்பியில் இரண்டு பக்கமும் அந்த ஒரே சிம்பொனிதான், நெருக்கி அடைக்காமல் வெட்டியிருப்பார்கள். மூன்றாம் பகுதி முடிந்து நான்காவது வெடிக்கும் முன் டிரம் மெல்ல நாடி மாதிரி துடிக்கிற இடத்தில் விளக்கை அணைத்துவிடுங்கள். இன்னொன்று, பாப்லோ கசால்ஸ் 1936க்கும் 1939க்கும் இடையில் பதிந்த பாஹின் செல்லோ சூட்கள். இரைச்சல் இருக்கும். இரண்டாவது நிமிடத்தில் அதை மறந்துவிடுவீர்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?

பியானோ கலைஞர் டினு லிபாட்டி, பிரான்ஸின் பெசான்ஸோன் நகரம், 1950 செப்டம்பர் 16. அவருடைய கடைசிக் கச்சேரி. ரத்தப் புற்று மாதிரியான நிணநீர் நோய், வயது 33, வேண்டாம் என்று மருத்துவர் தடுத்தும் மேடையேறினார். பாஹ் தொடங்கும் முன் பியானோவைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி விரல்களை ஒரு தடவை மேலே ஓடவிடுகிறார், அதுவும் பதிவில் இருக்கிறது, அப்புறம் ஒரு சின்ன அமைதி, அப்புறம்தான் பார்ட்டிட்டா. நிகழ்ச்சியின் முடிவில் ஷோபினின் 14 வால்ட்ஸ்கள் வாசிப்பதாக இருந்தது. 13 வாசித்தார். அதற்கு மேல் முடியவில்லை. டிசம்பர் 2ஆம் தேதி போய்விட்டார்.

நான் தேடுவது வால்ட்ஸ்களில் களைப்பு தெரிகிறதா என்று. நாலைந்து தடவை கேட்டாயிற்று, எனக்கு அகப்படவில்லை. வேறு யாருக்காவது ஏதாவது இடத்தில் கேட்டால் எந்த வால்ட்ஸ், எத்தனையாவது நிமிடம் என்று சொல்லுங்கள். முதல் பக்கம் முடிந்துவிட்டது, திருப்பிப் போட்டுவிட்டு வருகிறேன்.